கேயா தீவின் அம்மாவுக்கு

பைரேயஸ், கிரீஸ், 1916 நவம்பர்

கேயா தீவு மக்களுக்கு,

கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. 21ஆம் தேதி காலை எங்கள் கப்பல் பிரிட்டானிக் வெடித்து மூழ்கியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணிவெடியா, டார்ப்பீடோவா என்று கப்பல்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என் மனம் அதில் போகவில்லை. உங்கள் தீவின் கோரிசியா துறையிலேயே நிற்கிறது.

3,000-க்கும் மேற்பட்ட கட்டில்கள் கொண்ட மருத்துவக் கப்பலின் நர்சுகள் நாங்கள். கரையேறியபோது ஒரு முழம் கட்டுத்துணி கிடையாது. ப்ரொப்பெல்லரில் சிக்கியவர்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஏப்ரன்களைக் கிழித்தோம், மிதவை அங்கிகளின் துணியைப் பிய்த்தோம். போதவில்லை.

அப்போதுதான் கறுப்பு முக்காடு போட்ட ஒரு அம்மா வந்தார். கையில் மடித்த வெள்ளைப் படுக்கை விரிப்பு. ஓரமெல்லாம் பூவேலை. பெட்டிக்குள் வருஷக்கணக்காக இருந்த மடிப்பு அதில் தெரிந்தது. வாங்கத் தயங்கினேன். அவர் பல்லால் கடித்து, சர்ரென்று பூவேலையோடு சேர்த்துக் கிழித்தார்.

நான் உடைந்து போனேன். வார்டுகளுக்குக் காற்று வரட்டும் என்று சன்னல்களைத் திறந்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த வழியாகவும் கடல் உள்ளே வந்தது. அதை அவரிடம் அழுதழுது சொன்னேன். என் பாஷை அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. கண்ணீரைத் துடைக்கவில்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. துணியின் மறுமுனையை என் கையில் திணித்து, பிடி என்பதுபோல் தலையசைத்தார். பிடித்தேன். இருட்டும்வரை நானும் அவரும் கிழித்தோம், நான் கட்டினேன். அந்த நேரத்தில் எனக்கு வேறெதுவும் உதவியிருக்காது. அவருக்கு அது எப்படித் தெரிந்ததோ!

எல்லோருக்கும் முன்னால் படகோட்டி வந்து எங்கள் ஆட்களைத் தண்ணீரிலிருந்து தூக்கிய மீனவர்களுக்கும், எங்களை மீட்க வந்த ஸ்கர்ஜ், ஹீரோயிக், ஃபாக்ஸ்ஹவுண்ட் கப்பல்களின் மாலுமிகளுக்கும், கடைசிவரை மேல்தளத்தில் நின்ற எங்கள் கேப்டன் பார்ட்லெட்டுக்கும், தங்கள் சட்டையைக் கழற்றித் தந்த முகம் தெரியாதவர்களுக்கும் என் கும்பிடு. முப்பது பேர் திரும்பவில்லை. அவர்களை நினைக்காமல் இந்த நன்றியை எழுத முடியவில்லை.

அம்மா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த சம்பளத்தில் ஒரு வெள்ளை விரிப்பு வாங்குவேன். பூவேலை எனக்குச் சுமாராகத்தான் வரும், ஆனாலும் ஓரத்தை நானே தைப்பேன். கோரிசியாவுக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கொடுத்தனுப்ப வேண்டும்.