நின்றபடி போட்ட ஓட்டு

டெமாய்ன், அயோவா
9-2-2020

அன்புள்ள முருகேசா,

திட்டாதே. பொங்கலுக்குள் எழுதுகிறேன் என்றேன். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லையே. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

"ஓட்டு எண்ணத் தெரியாத ஊரிலா போய்க் குடியேறினாய்?" என்று, ஜனநாயகக் கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க இங்கே நடத்திய ஓட்டெடுப்பைப் பற்றி நீ வாட்ஸப்பில் கேட்டதற்குச் சுமதி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எண்ணத் தெரிந்ததடா, எண்ணியதை மேலே அனுப்பத்தான் தெரியவில்லை. அதற்கென்று செய்த செல்போன் செயலி அன்றிரவு காலை வாரிவிட்டது. போனில் சொல்லலாம் என்றால் லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் தேதி நடந்ததற்கு ஆறாம் தேதிதான் கணக்கு வந்தது. அதிலும் கூத்து: போட்டியிட்டவர்களில், ஓட்டுப் போட்டவர்களின் தலைக்கணக்கில் சாண்டர்ஸ் முன்னால், கட்சியின் மாநில மாநாட்டுக்குக் கிடைக்கும் பிரதிநிதிகளின் கணக்கில் பூட்டிஜஜ் 26.2 சதவீதம், சாண்டர்ஸ் 26.1. இரண்டு பேருமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அதை விடு. நான் குடியுரிமை வாங்கிப் போட்ட முதல் ஓட்டு இது. பெட்டி, மை, மறைப்பு எதுவும் இல்லை. காக்கஸ் என்பது கட்சிக் கூட்டம். இரவு ஏழு மணிக்குப் பக்கத்துப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் 212 பேர் கூடினோம். தபால் ஓட்டு கிடையாது, ஆள் வந்தால்தான் உண்டு. சுமதிக்கு மாலை ஷிஃப்ட், அவள் கணக்கிலேயே இல்லை. (குடியரசுக் கட்சிக்காரர்களும் காக்கஸ்தான் வைக்கிறார்கள், ஆனால் பெயரைச் சீட்டில் எழுதிப் போட்டுவிட்டுப் போய்விடலாம். புண்ணியவான்கள்.)

ஜனநாயகக் கட்சியில் உன் வேட்பாளரின் பெயர் ஒட்டிய மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். வந்தவர்களில் 15 சதவீதம் சேராத மூலை கலைய வேண்டியதுதான். எங்களுக்கு அது 32 பேர். நான் நின்றது ஏமி க்ளோபுச்சார் மூலையில், 27 பேர். எதிரே பைடன் மூலையில் 25. தேறிய மூலைக்காரர்கள் இந்த வருஷம் நகரக் கூடாது. தேறாதவர்கள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். உடனே ஆள்பிடிப்பு. இன்னொரு வேட்பாளரான வாரனின் ஆட்கள் வீட்டில் சுட்ட பிஸ்கட்டோடு வந்தார்கள். நாங்கள் பைடன் ஆட்களிடம் "இங்கே வாருங்கள், தேறிவிடுவோம்" என்றோம். அவர்கள் "நீங்கள் வாருங்களேன்" என்றார்கள். சம்பந்தி வீட்டுப் பேச்சு மாதிரி இழுத்தது.

அப்புறம் நடந்ததைத்தான் சுமதியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. பைடன் மூலையிலிருந்து ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். என் மேனேஜர். மிரட்டவில்லை, பாவம், சிரித்த முகமாகத்தான் கூப்பிட்டார். மனசு வாரன் பக்கம் போகச் சொன்னது, கால் அவர் பக்கம் போய்விட்டது. என்னோடு இன்னும் சிலர் வர, அங்கே 34 ஆனது. அவர் தோளில் தட்டினார். இரண்டாவது தேர்வு என்று, எங்களுக்குக் கொடுத்திருந்த ஓட்டு அட்டையின் பின்பக்கத்தில் பைடன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி எழுபது வயதில் சாண்டர்ஸ் மூலையில் தனியாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பேரன் வயதுப் பிள்ளைகளோடு கோஷம் போட்டதையும் சொல்ல வேண்டும். அவர் மகன் எதிர் மூலையில். யாரும் யாரையும் முறைக்கவில்லை. இந்த முறை பிடித்தவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள்: முகம் பார்த்துப் பேசி முடிவு செய்கிறோம் என்று. அவர்களுக்கு அது சரி.

வீட்டுக்கு வரும் வழியில் நம் ஹாஸ்டல் மெஸ் தேர்தல்தான் ஞாபகம் வந்தது. வார்டன் முன்னால் உட்கார்ந்திருக்க, எனக்குக் கை தூக்காமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாய். "லேஸ் முருகேசன்" என்று முப்பது வருஷமாக உன்னை ஓட்டியிருக்கிறேன். பாலாஜி கல்யாண மேடையில்கூட விடவில்லை. இனி ஓட்ட மாட்டேன். பாலாஜியிடமும் சொல்லிவிடு, காரணம் மட்டும் வேண்டாம்.

மார்ச்சில் மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் போன் பண்ணு. உங்கள் ஊர் ராத்திரி ஒன்பது மணி எனக்குத் தோது.

உன்,
கதிர்