எதுவும் பாதிக்கவில்லை என்று நீ சொன்னதற்கு

அன்புள்ள அம்மாடி,

போன வாரம் பேசும்போது, "இப்பல்லாம் எதைப் பார்த்தாலும் ஒண்ணும் ஆகிறதில்லப்பா, பழகிடுச்சு" என்றாய். அதைக் கேட்டு உன் அம்மாவுக்கு நிம்மதி. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. உயிரியல் வாத்தியாரை அப்பாவாகப் பெற்றவளுக்கு இந்தத் தொல்லை உண்டு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாடம் எடுக்க உட்கார்ந்துவிடுவான். பொறுத்துக்கொள்.

தீயணைப்பு வேலை வேண்டாம் என்று அன்றும் நான் சொல்லவில்லை, இன்றும் சொல்லப்போவதில்லை. அந்தப் பயத்தை முதலிலேயே விட்டுவிட்டுப் படி.

நிலையத்தில் மணி அடித்ததும் நீ எழுந்து ஓடுகிறாயே, அப்போது உன் மூளை உன்னைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை. அமிக்டலா என்ற சின்னப் பகுதி, ஆபத்து என்று தீர்மானித்த மறுகணமே அட்ரினல் சுரப்பிகளுக்கு உத்தரவு போய்விடும். நொடிகளில் அட்ரினலின் ஏறும். சில நிமிடம் கழித்து, நெருக்கடிக்கான இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசால் வரும். வேலை முடிந்ததும் அதே கார்ட்டிசால்தான் மூளைக்குத் திரும்பிப் போய், "போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டும். அழகான ஏற்பாடு. ஆனால் எப்போதோ ஒருமுறை வரும் ஆபத்துக்காக அமைந்த ஏற்பாடு இது. உனக்கோ ஒன்று இறங்குவதற்குள் அடுத்த மணி அடிக்கிறது. இப்படி ஏறி இறங்கி ஏறியே உடம்பு தேய்வதற்கு, புரூஸ் மெக்கியூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993-ல் அலோஸ்டேடிக் லோட் என்று பெயர் வைத்தார்கள். தேய்மானச் சுமை என்று வைத்துக்கொள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மூளையில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. ஒரு நினைவுக்கு இடமும் நேரமும் போட்டு வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. கருகிய வாடை வந்தால், இது இப்போது நம் அடுப்பில் தீய்ந்த பால், அன்று அந்த வீட்டில் வந்தது வேறு என்று பிரித்துக் காட்டுவது அதுதான். இஸ்ரேலில் ஐனாட் லெவி-கிகியும் கூட்டாளிகளும் பணியிலிருக்கும் தீயணைப்பு வீரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து, 2014-ல் வெளியிட்டார்கள். கணினித் திரையில் பெட்டிகள் வரும். எந்தப் பின்னணியில் வருவது லாபம், எது நஷ்டம் என்று கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு சொல்லாமலே விதியை மாற்றிவிடுவார்கள். முதல் பாடத்தில் வீரர்கள் மற்றவர்களுக்கு எந்த வகையிலும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் முன்பு நஷ்டம் தந்த பின்னணி இப்போது லாபமும் தரும் என்று திருத்திக் கற்கும் இடத்தில் தடுமாறினார்கள். இத்தனைக்கும் அவர்களுக்கு மனக்காய நோய், அதாவது பிடிஎஸ்டி, என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கேட்டிருந்தால் அவர்களும் உன்னைப் போல "ஒண்ணும் ஆகலை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எந்த இடத்துக்குப் போனாலும் நீ வெளியேறும் வழியை ஒட்டிய நாற்காலியாகப் பார்த்து உட்காருவதை நான் கவனித்திருக்கிறேன். அதைத் தொழில் புத்தி என்பாய். இருக்கலாம். எனக்கு அந்தப் பெட்டிகள்தான் ஞாபகம் வருகின்றன.

ஹிப்போகாம்பஸ் சுருங்கிவிடும் என்று எங்காவது படித்துப் பயந்துவிடாதே. 2002-ல் கில்பர்ட்சன் குழு, வியட்நாம் போருக்குப் போனவர்களையும் போகாத அவர்களுடைய ஒத்த இரட்டையர்களையும் ஒப்பிட்டது. மனக்காயம் கடுமையாக இருந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சிறிதாக இருந்தது. வீட்டிலேயே இருந்த இரட்டையருக்கும் அப்படியே. அதாவது ஒரு பங்கு பிறவியிலேயே வந்திருக்கலாம். எல்லாப் பழியையும் பார்த்த காட்சிகள் மேல் போட முடியாது. உங்கள் விஷயத்தில் புகையும் கார்பன் மோனாக்சைடும் ராத்திரி ஷிப்டும் வேறு சேர்ந்துகொள்கின்றன. (மூச்சுக்கருவியை எப்போது கழற்றுகிறாய் என்று தனியாகக் கேட்க வேண்டும். தீ அணைந்த பிறகும் காற்றில் விஷம் இருக்கிறது.)

பழகிவிட்டது என்பதை நான் நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1983 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் பெரிய காட்டுத்தீ; சாம்பல் புதன் தீ என்பார்கள். அதில் நின்ற 469 தீயணைப்பு வீரர்களை அலெக்சாண்டர் மெக்ஃபார்லேன் என்ற மனநல மருத்துவர் தொடர்ந்து கவனித்தார். முதலில் நன்றாக இருந்த சிலருக்கு, மாதக்கணக்கில் கழித்துத்தான் பிரச்சினை தலைகாட்டியது. முதல் சில மாதம் அமைதியாகப் போனதை வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது.

மனக்காய நோய் வர, கோரம் உனக்கே நடந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-லேயே இந்த நோயைத் தன் கையேட்டில் சேர்த்துவிட்டது. ஆனால் வேலை நிமித்தம் திரும்பத் திரும்பக் கோரத்தை எதிர்கொள்வதும் இதற்குக் காரணமாகலாம் என்று 2013 பதிப்பில்தான் தெளிவாக எழுதினார்கள். உடல்களின் மிச்சத்தைச் சேகரிப்பவர்களை அங்கே உதாரணமாகவே காட்டியிருக்கிறார்கள். நீ செய்வதும் அதைத்தான்.

பெரிய விபத்து முடிந்த கையோடு எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள், எரிச்சலாக இருக்கிறது என்று முன்பு சொன்னாய். அதில் நான் உன் பக்கம். கட்டாயப்படுத்தி ஒரே தடவையில் பேசவைப்பதால் பின்னால் வரும் நோயைத் தடுக்க முடிவதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களே சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த எரிச்சலைச் சாக்காக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது போக வேண்டியவரிடமும் போகாமல் இருந்துவிடாதே. காயத்தை மையமாக வைத்த நடத்தை சிகிச்சை, கண்ணசைவோடு செய்யும் இஎம்டிஆர் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்திருக்கிறது. அந்தப் பெட்டி ஆட்டத்தில் திருத்திக் கற்க முடியாமல் போனதை, இங்கே ஒருவர் துணையோடு மெல்லக் கற்கிறார்கள். அந்த நினைவு அழியாது. இடமும் தேதியும் உள்ள பழைய நினைவாக மாறும்.

தூங்குவதற்காகக் குடிக்கும் பழக்கம் உங்கள் கூட்டத்தில் சிலருக்கு உண்டென்று நீயே சொல்லியிருக்கிறாய். மது சீக்கிரம் தூங்கவைக்கும், உண்மைதான். கனவு வரும் உறக்கத்தைக் குலைத்துவிடும். நடந்ததின் சூட்டை மூளை ஆற்றிக்கொள்வதில் அந்த உறக்கத்துக்குப் பங்குண்டு என்று நினைக்கிறார்கள். அதையும் கெடுத்துக்கொண்டால் மறுநாள் மணிக்கு எதை வைத்து எழுவாய்?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். "எப்படி இருக்கே?" என்று கேட்கப்போவதில்லை, அதற்கு உன்னிடம் பதில் தயாராக இருக்கும். ராத்திரி எத்தனை முறை விழித்தாய், யார் மேலாவது காரணமில்லாமல் எரிந்து விழுந்தாயா, முன்பு பிடித்த எதையாவது செய்யாமல் விட்டிருக்கிறாயா, இந்த மூன்றையும்தான் கேட்பேன். அம்மா பக்கத்தில் இருந்தால் சொல்லத் தயங்குவாய் என்று தெரியும். மாடியில் நின்று பேசுகிறேன்.

அப்பா