மாரத்தான் உலக சாதனையும் மலைச்சரிவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமுளியிலிருந்து மலைப்பாதையில் இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கில் முடியும் ஓட்டம் ஒன்றை அமைப்பவர்கள், அதில் உலக சாதனை நிகழலாம் என எங்கள் ஊர்ச் சுவர்களில் எழுதியிருப்பது வருத்தமளிக்கிறது.

உலகத் தடகள அமைப்பின் விதிப்படி, மாரத்தானின் 42.195 கிலோமீட்டரில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான உயர இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில், ஏறத்தாழ 42 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அவ்விரு இடங்களுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரமும் ஓட்டத் தூரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எங்கள் மலைப்பாதையிலோ பல நூறு மீட்டர் இறக்கம். பாஸ்டனில் 2011ஆம் ஆண்டு ஜெஃப்ரி முத்தாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடியும், அப்பாதை இவ்விரு வரம்புகளுக்கும் உட்படாததால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. வியன்னாவில் 2019இல் எலியுட் கிப்சோகே 1:59:40 எடுத்ததும் அப்படியே: மாறி மாறி வந்த வேகத்துணை ஓட்டக்காரர்களுடன், பொதுப் போட்டியாக அல்லாமல் நடந்த ஓட்டம் அது.

தூரத்தை அளப்பதே தனிக் கலை. சக்கரச் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திச் சீராக்கப்பட்ட மிதிவண்டியை, ஓடுபவர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியில் ஓட்டி அளந்து, குறைந்துவிடாதிருக்க ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டுகிறார்கள். ஊக்கமருந்துப் பரிசோதனையும் கட்டாயம். கெல்வின் கிப்டம் 2023 அக்டோபரில் சிகாகோவில் ஓடிய 2:00:35, 2024 பிப்ரவரியில்தான் உலக சாதனையாக அங்கீகரிக்கப்பட்டது.

விடியலில் ஓடிப் பயிலும் எங்கள் பிள்ளைகளுக்கு, அந்தச் சுவரெழுத்தை மாற்றி உண்மையைச் சொல்லுமாறு அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கூடலூர், தேனி மாவட்டம்.