பட்டனுக்கு எதை வைக்கலாம், மாப்ளே?

கணபதி, கோவை
ஆனி, ஞாயிறு பொழுதோட

அன்புள்ள மாப்ளே,

தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு அதே முழங்கால், அதே தைலம். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வந்து திட்டு. இப்போது விஷயத்தைக் கேள்.

மாஸ்டரோட அக்கார்டியன் என் பட்டறைக்கு வந்துவிட்டது.

மாஸ்டர் வீட்டு அக்கா போன மாதம் போத்தனூர் வீட்டைக் காலி செய்தார்கள். பரணிலிருந்து பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்து, "தம்பி, இதை வாசிக்கத் தெரிந்தவன் வால்பாறையில்தானே இருக்கான்? சரி பண்ணி அவன்கிட்டக் கொடுத்துடு" என்றார்கள். எனக்குப் பேச்சே வரவில்லை. ஆகவே அது உன்னுடையது. சந்தோஷப்படு, ஆனால் அவசரப்படாதே. துருத்தியின் ஒரு மூலை பிரிந்திருக்கிறது, தோள்பட்டை வார் பொடிப்பொடியாகிவிட்டது. அதெல்லாம் சின்ன வேலை. வலக்கையால் வாசிக்கும் பக்கம் சுரப் பட்டன்கள் பதினான்கு இல்லை. வெள்ளையில் ஒன்பது, கறுப்பில் ஐந்து. மூன்று வாரமாக எனக்கு இதே வெசனம்தான்.

இருக்கிற ஒன்றைக் கழற்றிக் கட்டைவிரலில் பரபரவென்று தேய்த்து முகர்ந்து பார்த்தேன். கற்பூர வாசம். செல்லுலாய்டு! நாம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொளுத்தினோமே, அந்தப் பிங்பாங் பந்தும் இதே சரக்குதான். உன் புருவம் திரும்ப முளைக்க எத்தனை நாளாயிற்று? அதனால் கிரைண்டர் பொறி பறக்கும் பக்கம் பெட்டியைக் கொண்டுபோகவே இல்லை.

லேத்துக்காரன் புத்தி எங்கே போகும்? முதலில் பித்தளைக் கம்பியில்தான் கடைந்தேன். பதினாலரை மில்லிமீட்டர் குறுக்களவு, ஐந்து மில்லிமீட்டர் கனம். மாட்டினால் கண்ணாடிபோல மின்னியது. ஆனால் விரலை எடுத்த பிறகும் சுரம் இழுத்துக்கொண்டே நின்றது. பட்டன் உட்கார்ந்திருக்கும் கம்பியை ஸ்பிரிங்தானே தூக்கிவிட வேண்டும்? நகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன். பழைய பட்டன் 1.1 கிராம், பித்தளை 7 கிராம். அலுமினியமும் 2 கிராமைத் தாண்டுகிறது. ஸ்பிரிங்கை முறுக்கேற்றலாம்தான். அப்புறம் ஒரு பாட்டு முடிவதற்குள் உன் சுண்டுவிரல் செத்துவிடும், உள்ளே காற்றுத் துளையை அடைக்கிற மூடியும் டக் டக்கென்று அடிக்கும். எடை பழைய பட்டனை ஒட்டி வர வேண்டும், உன் ஊர் மழையில் ஊதக் கூடாது. இந்த இரண்டும்தான் இப்போது என் கணக்கு.

கறுப்புக்கு வழி கிடைத்துவிட்டது. காங்கேயத்தில் மச்சான் களத்துக்குப் போயிருந்தேன். தேங்காய்த் தொட்டி மலைபோலக் குவிந்து கிடக்கிறது, அத்தனையும் கரிக்குப் போகிறது. அதிலேயே முற்றின தொட்டியாகப் பார்த்து ஒரு சாக்கு எடுத்து வந்தேன். திருப்பூரில் சட்டைக்குத் தொட்டி பட்டன் வைக்கிறார்களே, நாம் ஏன் வைக்கக் கூடாது? தொட்டி வளைவாக இருப்பதால் தட்டையாகத் தேய்த்தால் கனம் பாதியாகிவிடுகிறது. இரண்டு வில்லைகளை முதுகோடு முதுகு ஒட்டி, ஒரு இரவு இறுக்கி வைத்துவிட்டுக் கடைந்தேன். தேங்காய் எண்ணெய் விட்டுத் துணியால் தேய்த்ததும் கறுத்து, புளியங்கொட்டை மாதிரி ஒரு பளபளப்பு. எடை 1 கிராம்! அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு எடுத்து வெர்னியர் அளவுகோலில் பிடித்தேன், அளவு துளியும் மாறவில்லை.

வெள்ளைதான் படுத்துகிறது. சங்கு அழகு. ஆனால் அதன் தூள் நெஞ்சுக்கு ஆகாது, தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், அதற்கு என்னிடம் வசதி இல்லை. கொம்பில் நுனி மட்டும்தான் கெட்டி, கடையும்போது முடி கருகும் நாற்றம் வேறு. பாலின் புரதமான கேசினில் செய்த பட்டன்களும் ஐரோப்பாவில் உண்டு. ஈரத்தைக் குடித்து வெடிக்கும், வால்பாறைக்கு வேண்டவே வேண்டாம்.

மிஞ்சியது இரண்டு. ஒன்று டெல்ரின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கம்பி. எடை பழைய பட்டனேதான், தண்ணீருக்கு அசைவதில்லை, லேத்தில் வெண்ணெய்போல வழிகிறது. பசை மட்டும் பிடிக்காது, மரை போட்டுத்தான் மாட்ட வேண்டும். ஆனால் வியர்த்த விரல் அதில் வழுக்குகிறது, மாப்ளே.

இன்னொன்று வெட்பாலை. கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்துப் பொம்மைக்காரர்கள் கடைகிற அதே மரம், தந்தம்போல வெளுப்பு, ரேகையே தெரியாது. நம் தோட்டத்து வேலியில் நின்றதை அப்பா வெட்டிக் காயவைத்திருந்தார். மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தினால் அந்தச் சூட்டில் உருகிப் பூசிக்கொள்கிறது, பிறகு தாழை ஓலையால் தேய்க்க வேண்டும். அரை கிராம்தான் எடை. விரல் வைத்தால் இதமாக இருக்கிறது. என் மனசு இதில்தான் கிடக்கிறது. ஆனால் மரம் மரம்தான். கம்பி ஏறும் துளைக்குள்ளே அரக்கு போகாது, ஈரம் போகும்.

நீ ஒரு யோசனை சொல்லுவாய், எனக்குத் தெரியும். ஐந்து வரிசையில் கடைசி இரண்டும் முதல் இரண்டின் சுரங்களையே தரும் மறுபதிப்புத்தானே, அங்கேயிருக்கும் பழைய பட்டன்களை முன்னால் மாற்றிவிட்டு புதுசைப் பின்னால் வை என்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒன்றைக் கழற்றியதும் கை நின்றுவிட்டது. முன் வரிசைகளில் நாலைந்து பட்டன்களின் நடுவே லேசான குழி விழுந்திருக்கிறது. எல்லாம் மாஸ்டர் விரல் உழைத்த இடம். அவருடைய நடுவிரல் எங்கே இறங்கும் என்று நமக்குத் தெரியுமே. அந்தக் குழிகள் அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒன்றைக்கூட நகர்த்த மாட்டேன்.

இத்துடன் வரும் பார்சலில் டெல்ரின் இரண்டு, வெட்பாலை நான்கு. கூடவே துளை போட்ட ஒரு தகடு. இப்போது எல்லாம் அந்தத் துளையில் சுகமாக நுழைகின்றன. ஆடி முழுக்கச் சமையல்கட்டு ஜன்னலில் வை, பிள்ளைகள் கையில் கொடுக்காதே. வாரம் ஒருமுறை நுழைத்துப் பார்த்து எழுது. கண்ணை மூடி விரல் வைத்துப் பார்த்து எது பிடிக்கிறது என்றும் சொல். வாசிக்கப் போவது நீ.

ஆவணி முதல் வாரம் லீவு போட்டுவிட்டு வா. அதற்குள் துருத்தியை ஒட்டிவிடுகிறேன். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் பங்காளி

பி.கு: தபேலா அண்ணனிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே. அன்றைக்கே சூலூர் கல்யாணக் கதையை ஆரம்பித்துவிடுவார்.