நர்சிங் பிள்ளைகள கூடலூர் பக்கமும் அனுப்புங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் பொண்ணு எம்.எஸ்சி நர்சிங், கம்யூனிட்டி ஹெல்த் படிக்குது. ஆஸ்பத்திரியில செய்யுற பயிற்சிய கிளினிக்கல் போஸ்டிங்னு சொல்லி எல்லாரையும் ஊட்டியிலயே கொண்டுபோய் குவிக்கிறாங்க, 2025ல திறந்த புது மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி 700 பெட், பெருசுதான், அதுக்காக ஒரு பேஷண்ட்ட சுத்தி பத்து பிள்ளைங்க நோட்ட வச்சுக்கிட்டு நின்னா யாரு பி.பி பாக்குறது, யாரு டிரெஸ்ஸிங் பண்றது? கடைசியில, செஞ்ச வேலைய எழுதுற லாக்புக்ல கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வர்றாங்க.

கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், குறும்பர் பழங்குடி ஜனங்ககிட்ட சிக்கிள் செல் அனீமியா இருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த ஜீன் வந்தாதான் பிள்ளைக்கு நோய் வரும், ரத்தத்துல சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு அடைச்சுக்கிட்டா வலி உயிர் போகும், குளிர்லயும் தண்ணி கம்மியா குடிச்சாலும் ஜாஸ்தியாகும். இத அந்த ஜனங்க குடியிருக்குற பாடிக்கே போய்ப் பாத்து கத்துக்கிறத விட்டுட்டு பவர்பாயிண்ட்ல படிக்கிறாங்க (மலையில இருந்துக்கிட்டே!).

போஸ்டிங்குக்கு பர்மிஷன் வாங்குறது வேற பெரிய கூத்து. மெடிக்கல் காலேஜ்னா டீன், தாலுகா ஜி.எச்னா ஜே.டி (இணை இயக்குநர்) ஆபீஸ், ஆரம்ப சுகாதார நிலையம்னா மாவட்ட சுகாதார அலுவலர்னு தனித்தனி லெட்டர். ஒண்ணு லேட்டானா போஸ்டிங் மொத்தமும் தள்ளிப்போகுது. கலெக்டர் ஆபீஸ்ல வருஷ ஆரம்பத்துலயே எல்லா காலேஜையும் கூப்பிட்டு ஒரே ஷெட்யூல் போட்டா என்ன? அப்படியே பொண்ணுங்க தங்க கூடலூர்ல ஒரு இடமும் பாத்துக் குடுங்க, தினம் ஊட்டியில இருந்து நடுவட்டம் வழியா மழையில பஸ்ல அனுப்ப எங்களால முடியாது.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா, குன்னூர்