தீவுகளுக்கு கரண்டைக் குடுக்கேக்க, நடத்துற பொறுப்பையும் சேத்துக் குடுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

யாழ்ப்பாணத்துக்கு அங்கால கடல்ல இருக்கிற நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டுக்கும் காத்துலயும் வெயில்லயும் கரண்ட் எடுக்கிற திட்டத்தைப் பத்தி வாற செய்தி ஒண்டையும் விடாம வாசிக்கிற ஆள் நான். களுவாஞ்சிக்குடிப் பக்கம் வீடுகளுக்கு வயரிங் வேலையும் சோலார் பூட்டுற வேலையும் செய்றன், அதால இதுல எனக்கு அக்கறை கூட. இவ்வளவு நாளும் வந்த செய்தியில ஒரு விசயத்தை மட்டும் ஆரும் கதைச்சதா நான் காணல்ல, அதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

2021 ஜனவரியில இந்த வேலையை ஒரு சீனக் கம்பெனிக்குக் குடுக்க அமைச்சரவை சம்மதிச்சது, காசு ஆசிய அபிவிருத்தி வங்கியிட திட்டத்தால வாறதா இருந்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்ட சீனாக்காரரா எண்டு இந்தியா எதிர்ப்புச் சொல்ல வேலை நிண்டுபோச்சு, பிறகு இந்தியா 11 மில்லியன் டொலரை மானியமாவே தாறம் எண்டு வந்து, 2022ல உடன்படிக்கை வெச்சு, 2024 மார்ச்ல பெங்களூர்க் கம்பெனி ஒண்டோட ஒப்பந்தமும் எழுதியாச்சு. இந்த மூண்டு வருசமும் பேப்பர், டிவி, பேஸ்புக் எல்லாத்துலயும் ஒரே கேள்வி, சீனாவா இந்தியாவா. அந்தத் தீவுல இருக்கிற சனத்துக்கிட்ட, உங்களுக்கு எந்த நேரம் கரண்ட் கூடத் தேவை, இந்த மெஷினை ஆர் பாக்கப் போறது, மாசக் காசை ஆர் வாங்கி ஆர் வெச்சிருக்கப் போறது எண்டு கேட்டதா ஒரு செய்தியும் என்ட கண்ணுல படல்ல.

திட்டம் நல்ல திட்டம்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. மூண்டு தீவுக்கும் சேத்து 530 கிலோவாட் சோலார், 1700 கிலோவாட் காத்தாடி, 2400 யூனிட் புடிக்கிற பற்றரி, அதுக்கு மேல தேவைக்கு எண்டு 2500 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர். சோலாரை விட காத்தாடி மூண்டு மடங்குக்கு மேல இருக்கிறதுக்கு காரணம் இருக்கு, தென்மேற்குல இருந்து சோளகம் அடிக்கிற மாசங்கள்ல அங்க ராப்பகலாக் காத்து, வெயிலோ பின்னேரம் ஆறு மணியோட முடிஞ்சிரும். பற்றரியை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு வீடு ராவைக்கு 2 யூனிட் பாவிக்கிது எண்டு வெச்சா 2400 யூனிட் 1200 வீட்டுக்குக் காணும், ஆனா பற்றரியை முழுசா வத்த விடக்கூடாது, ஒவ்வொரு நாளும் அடிமட்டம் வரைக்கும் இறக்கினா அதிட ஆயுசு குறைஞ்சிரும். அதால ஆர் எப்ப எவ்வளவு பாவிக்கிறது எண்டத ஊருக்குள்ளயே ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வராட்டி, பாக்கி இரவுக்கு திரும்பவும் டீசல்தான் ஓடும், அந்த டீசல் பழையபடி போட்ல ஏறிக் கடல் தாண்டித்தான் வரோணும்.

இப்பிடி ஆர் எப்ப எவ்வளவு பாவிக்கிறது எண்டத ஒழுங்குபடுத்துற கரண்ட் வலையைத்தான் ஸ்மார்ட் கிரிட் எண்டு சொல்றது. ஸ்மார்ட் மீற்றர் பூட்டினா எல்லாம் சரி எண்டு கன பேர் நினைக்கிறாங்க, அது இல்ல. என்னட்ட சோலார் பூட்டின வீட்டு ஆக்கள் எல்லாரும் கேக்கிற கேள்வி ஒண்டு, "ஏன் தம்பி, கரண்ட் போனா எங்கட சோலாரும் சேந்து நிக்குது, வெயில் நல்லாத்தானே எறிக்குது?" எண்டு. லைன்ல கரண்ட் இல்லாட்டி சாதாரண இன்வேர்ட்டர், அதாவது சோலார் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற பெட்டி, தானா நிண்டிரும், நிக்கத்தான் வேணும், இல்லாட்டி கம்பத்துல ஏறி வேலை செய்ற லைன்மேனுக்கு உங்கட வீட்டுக் கரண்ட் அடிக்கும். பற்றரியும் அதுக்கெண்டே செஞ்ச இன்வேர்ட்டரும், லைனை வெட்டிப்போட்டு தனியா ஓடுற ஏற்பாடும் இருந்தாத்தான் வெளிய இருட்டா இருக்கேக்க வீட்டுக்குள்ள லைட் எரியும். இதை ஒரு வீட்டுக்குச் செய்ற மாதிரி ஒரு ஊருக்கே செய்யலாம், அந்த ஊர் நல்ல நாள்ல பெரிய லைனோட சேந்து இருக்கும், லைன் விழுந்தா தானே தனிச்சு ஓடும்.

நாட்டுக்கே இந்த ஏற்பாடு காணாது எண்டு போன வருசங்கள்ல நல்லா விளங்கிச்சு. 2025 பெப்ரவரி 9, ஞாயித்துக்கிழமை, பாணந்துறை உபநிலையத்துல ஒரு குரங்கு பட்டதுக்கு முழு இலங்கைக்கும் கரண்ட் நிண்டது. அதே வருசம் சித்திரை வருசப்பிறப்பு லீவுக்கு, ஏப்ரல் 13ல இருந்து 21 வரைக்கும் பகல் 3 மணி வரைக்கும் கூரையில இருக்கிற சோலாரை ஓஃப் பண்ணி வைங்க எண்டு மின்சார சபை சனத்துக்கிட்ட கேட்டிச்சு, ஏனெண்டா ஃபெக்டரி கந்தோர் எல்லாம் பூட்டு, கரண்ட் எடுக்க ஆள் இல்ல, சேத்து வைக்கப் பற்றரியும் இல்ல. சும்மா கிடைக்கிற வெயிலை வீணாப் போக விட்டுட்டு, பின்னேரம் ஆறரையில இருந்து பத்தரை வரைக்கும் அதே சனத்துக்கு எண்ணெய் எரிச்சுக் கரண்ட் குடுக்கிறம். கடன் வாங்கி கூரையில பேனல் போட்ட குடும்பங்களுக்கு இது எவ்வளவு மனவருத்தம் எண்டு எனக்குத் தெரியும், ஃபோன் எல்லாம் எனக்குத்தான் வந்தது.

வெளிநாட்டுல ரெண்டு சின்னத் தீவு இதைச் செஞ்சு காட்டியிருக்கு. ஸ்கொட்லாந்துல எக் (Eigg) எண்டு நூறு பேர் அளவுல இருக்கிற ஒரு தீவு, 1997ல ஊர்ச்சனமே காணியை வாங்கினது, 2008ல தண்ணி, காத்து, வெயில் மூண்டும் சேந்த சொந்தக் கரண்ட் வந்திச்சு. அங்க ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்துல 5 கிலோவாட்தான், கடைக்கு, தொழிலுக்கு 10, பணக்காரன் ஏழை எண்டு வித்தியாசம் இல்ல. கூடப் பாவிச்சா அந்த வீட்டுக்கு மட்டும் கரண்ட் நிண்டிரும். மழையும் காத்தும் கூடின நேரத்துல மிச்சமாகிற கரண்ட் தானாப் போய் ஊர் மண்டபத்தையும் தேவாலயத்தையும் சூடாக்கும். பழுது பாக்கிறது அந்தத் தீவு ஆக்களே. டென்மார்க்குல சாம்சோ தீவு, 4000 பேர் அளவு, 1997ல அரசாங்கம் வெச்ச போட்டியில தெரிவாகி, நிலத்துல 11 காத்தாடி, கடலுக்குள்ள 10 காத்தாடி நட்டாங்க, நிலத்துல உள்ளதுல கூடப் பங்கு ஊர் விவசாயிகளுக்கு, மிச்சத்துல ஊர்ச்சனம் பங்கு போட்டிருக்கு. தன்ட காசு அதுல ஓடுது எண்டு தெரிஞ்சா காத்தாடி நிண்டாலும் எட்டிப் பாக்க ஆள் வரும்.

ஏன் மட்டக்களப்பில இருந்து இதை எழுதுறன் எண்டு கேப்பீங்க. மாரி வெள்ளம் வந்தா வாவிக்கு மேற்குப் பக்கம் இருக்கிற எங்கட படுவான்கரைக் கிராமங்களும் தீவுதான் ஐயா. 2011 ஜனவரி வெள்ளத்தை மறந்த ஆள் இஞ்ச இல்ல, ரோட்டு எல்லாம் தண்ணிக்குள்ள, தோணியில்லாம ஒரு அடி போக ஏலாது, அப்பிடியான நேரத்துல லைன் விழுந்தா பழுது பாக்கிற ஆள் வாறதுக்கே தண்ணி வத்தோணும். வாகரைப் பக்கமும் இதே நிலைதான், லைனிட கடைசியில இருக்கிற ஊர்கள், வோல்டேஜ் குறைஞ்சு ஃபேன் கூட ஒழுங்காச் சுத்தாது. இப்பிடி ஒரு ஊருல ஆஸ்பத்திரி, தண்ணி மோட்டர், மீன்புடிக்காரருக்கு ஐஸ் அடிக்கிற இடம், இந்த மூண்டையும் முதல்ல சேத்து சோலாரும் பற்றரியுமா ஒரு சின்னக் கிரிட் போடலாம். பகல்ல மிச்சமாகிற கரண்ட்ல ஐஸ் அடிச்சு வெச்சா, அதுக்கெண்டு தனியாப் பற்றரி வாங்கத் தேவையில்ல, வாவியில புடிக்கிற றாலை வியாபாரி சொன்ன விலைக்கு அண்டைக்கே தள்ளி விடவும் தேவையில்ல. எங்கட பக்கம் கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல வெயில் தாராளம், மார்கழி தையிலதான் மப்பு, அந்த ரெண்டு மூண்டு மாசத்துக்கும் பெரிய லைன் துணைக்கு இருக்கும். நெடுந்தீவுக்குப் போட்ட கணக்கை அப்பிடியே கொண்டுவந்து இஞ்ச போட ஏலாது, ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊர்க் காத்தையும் வெயிலையும் பாத்துத்தான் கணக்குப் போடோணும்.

எனக்கு ஆகப் பெரிய பயம் பராமரிப்புல. கடல் கரையில இருக்கிற ஒரு கிராமத்துக்கு ஒரு நிறுவனம் தெரு ஓரம் எல்லாம் சோலார் லைட் போட்டுக் குடுத்தது, ஃபோட்டோ எடுத்தாங்க, பெயர்ப்பலகையும் வெச்சாங்க. கொஞ்சக் காலத்துல உப்புக் காத்துக்கு நட்டு போல்ட்டெல்லாம் துருப்புடிச்சு, பற்றரியும் செத்துப்போச்சு, ஊருல பழகின பொடியன் ஒருத்தனும் இல்ல, பற்றரி மாத்தக் காசும் ஒருத்தரும் சேத்து வைக்கல்ல. இப்ப கம்பம் மட்டும் நிக்குது. அந்த ஊர்ச்சனத்துக்கிட்ட போய் சோலார் நல்லது எண்டு நான் சொன்னா நம்புவாங்களா? அனலைதீவுக்குப் பக்கத்துல இருக்கிற எழுவைதீவிலயும் ஆசிய அபிவிருத்தி வங்கியிட உதவியில சோலார், காத்தாடி, பற்றரி, டீசல் நாலும் கலந்த கிரிட் போட்டிருக்காங்க, மூண்டு தீவுக்கும் இனிப் போற ஆக்கள் முதல்ல அங்க போய், எது முதல்ல பழுதாகுது, எந்தச் சாமான் கிடைக்க எவ்வளவு நாளாகுது எண்டு அங்க வேலை செய்ற ஆக்களோட இருந்து கதைக்கோணும்.

அதால மின்சக்தி அமைச்சுக்கும் மின்சார சபைக்கும் உங்கட பேப்பர் மூலமாக் கேக்கிறன். ஒவ்வொரு தீவுலயும் ஆகக் குறைஞ்சது நாலஞ்சு பொடியன் பொட்டையளை, கம்பெனி வேலை செய்ற காலத்துலயே கூட வெச்சுப் பழக்கி, சம்பளத்தோட அந்த வேலையிலயே போடுங்க, கம்பெனி போன பிறகு கொழும்புல இருந்து ஆள் வரட்டும் எண்டு விடாதீங்க. மாச பில்லுல ஒரு பங்கை பற்றரி மாத்துற காசு எண்டு தனிக் கணக்குல போடுங்க, அந்தக் கணக்கு பிரதேச சபையிலயும் ஊர்ச் சங்கத்துலயும் வருசம் ஒருக்கா எல்லாருக்கும் தெரிய வாசிக்கப்படோணும். எங்கட பக்கத்துக்கு எண்டா ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துல பொறியியல் பீடம் இருக்கு, அங்க படிக்கிற புள்ளைகளையும் எங்களை மாதிரி வயரிங் ஆக்களையும் ஒண்டா இருத்தி, வாகரையிலயோ படுவான்கரையிலயோ ஒரே ஒரு ஊரைத் தெரிஞ்சு முதல் கிரிட்டைப் போட்டுப் பாருங்க. கூப்பிட்டா நான் வாறன், என்னோட வேலை செய்ற பொடியன்மாரும் வருவாங்க.

இப்படிக்கு,
வயரிங் வேலை செய்யும் வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி