பாட்டி நினைவு மலர்: படம், குரல், குறிப்பு அனுப்புவோர் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். பாட்டியின் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டால் சுருங்கிவிடும், அச்சில் முகம் மங்கும். டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள். பழைய அச்சுப் படம் என்றால் 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே வேண்டாம், மேற்பூச்சு உரிந்து வந்துவிடும். ஃபிளாஷ் போடாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் அப்படியே எடுங்கள். பின்பக்கத்தில் பாட்டியின் கையெழுத்து இருந்தால் அதையும் எடுங்கள், அது பொக்கிஷம்.

பாட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை இன்றே அனுப்பிவிடுங்கள். போன் மாற்றும்போது அவை தொலைந்துபோகலாம். இருமல், சிரிப்பு எதையும் வெட்டாதீர்கள்.

குறிப்பில் 'எல்லோருக்கும் வாரிக் கொடுப்பார்' என்று மட்டும் எழுதினால் பாட்டி அதில் தெரியமாட்டார். எந்த வருஷம், யாருக்கு, என்ன செய்தார் என்று எழுதுங்கள். பாட்டி வெளியே சொல்லாமல் செய்த உதவி என்றால், பெற்றவரிடம் கேட்டபிறகே எழுதுங்கள்.